குடிபெயர்வும் கூலியும்: சேலத்திலிருந்து ஆய்வு செய்பவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"சேலத்தில் எத்தனை வடமாநிலத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள்?" என்று கூகுளில் தட்டித்தான் பெரும்பாலானோர் ஆய்வைத் தொடங்குகிறார்கள். ஏதோ ஓர் எண் கிடைத்தும்விடும். சிக்கலே அங்குதான் தொடங்குகிறது. பதிவேட்டில் ஏறாத மனிதர்களைப் பற்றிய ஆய்வில், கிடைக்கிற ஒவ்வோர் எண்ணும் யாரையோ விட்டுவிட்டுத்தான் வந்து சேர்கிறது. யாரை விட்டது, எந்த விதியால் விட்டது என்று சொல்லத் தெரிந்த பிறகே அந்த எண்ணை ஆய்வேட்டில் எழுதலாம்.

முதுகலை ஆய்வேடு எழுதுபவர், முனைவர் பட்டத்துக்குப் பதிந்தவர், தொழிற்சங்கத்துக்கு அறிக்கை தயாரிப்பவர் என எல்லாருக்கும் கீழே உள்ள வரிசை பொருந்தும்.

1. யாரைப் பற்றிய ஆய்வு?

"ஆவணமற்ற தொழிலாளர்" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று விதமான மனிதர்கள் இருக்கிறார்கள்.

ஒருவர் ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ சேலத்துக்கு வந்து கட்டட வேலை பார்ப்பவர். ஆதார் இருக்கும், வாக்காளர் அட்டை இருக்கும். இல்லாதது வேலைக்கான தாள்கள்தான்: பணி நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. எண், வருகைப் பதிவேட்டில் பெயர். இரண்டாமவர் விசா இல்லாமலோ, விசா முடிந்த பின்னோ வேறொரு நாட்டில் வேலை செய்பவர். அமெரிக்க ஆய்வுகள் பேசுவது இவரைப் பற்றி. மூன்றாமவர் அகதி. சேலம் மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் உள்ளன. அங்கிருப்பவர்களிடம் அரசு கொடுத்த அடையாள அட்டை உண்டு. ஆனால் சட்டத்தின் பார்வையில் நெடுங்காலம் சட்டவிரோதமாக வந்தவர்கள் என்றே வைக்கப்பட்டிருந்தார்கள். குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது வெளியான விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களைக் கடவுச்சீட்டு, விசா தொடர்பான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கியது. முகாம்களைப் பற்றி எழுதுபவர் இந்த ஆணையைப் படிக்காமல் ஒரு பத்திகூட எழுதக் கூடாது.

முதலாமவரையும் இரண்டாமவரையும் கலந்துவிடுவதுதான் இத்துறையில் அதிகம் நடக்கிற பிழை. கலிபோர்னியாவில் தாள் இல்லாத தொழிலாளி குறைந்த கூலிக்கு ஒத்துக்கொள்வதற்கு நாடு கடத்தப்படும் அச்சம் ஒரு பெரிய காரணம். சேலம் கொண்டலாம்பட்டியில் வேலை செய்யும் ஒடிசாக்காரரை யாரும் நாடு கடத்த முடியாது. அவர் கையைக் கட்டுவது முன்பணக் கடனும், மேஸ்திரி பிடித்து வைத்திருக்கும் கூலி பாக்கியும், மொழி தெரியாமையும். கூலி குறைகிறது என்ற முடிவு இரண்டிடத்திலும் ஒன்றாக இருந்தாலும், குறைகிற வழி வேறு. எனவே அமெரிக்கக் கட்டுரையை மேற்கோள் காட்டும்போது அதன் முறையை எடுத்துக்கொள்ளுங்கள்; அதன் எண்ணை அப்படியே இங்கே பொருத்தாதீர்கள்.

2. தகவல் உரிமை மனுவை முதல் வாரமே அனுப்புங்கள்

இதைக் கடைசியில் வைத்துக்கொள்பவர்கள் ஆய்வேடு சமர்ப்பிக்கும் தேதியைத் தவறவிடுகிறார்கள். கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாட்டில் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டியும் அனுப்பலாம், இணையவழியும் உண்டு. பதில் தர 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் சரியான பதில் இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். அலுவலகம் மாறிப் போனாலும் கவலை இல்லை. பிரிவு 6(3)-இன்படி 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும்.

கேள்வியை எண்ணிக்கையாகவும் ஆண்டுவாரியாகவும் கேளுங்கள். பெயர்களைக் கேட்டால் தனிநபர் தகவல் என்று மறுத்துவிடுவார்கள். "ஏன்" என்று கேட்டால் பதிலே வராது, ஏனெனில் அலுவலகத்தில் இருக்கும் பதிவைத்தான் தர முடியும், விளக்கத்தை அல்ல. இப்படி எழுதலாம்: "01.04.2018 முதல் 20.11.2025 வரை, சேலம் மாவட்டத்தில், மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளர் சட்டம் 1979-இன்கீழ் (அ) பதிவு பெற்ற நிறுவனங்களின் எண்ணிக்கை, (ஆ) உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர்களின் எண்ணிக்கை, (இ) அந்த உரிமங்களில் அனுமதிக்கப்பட்ட தொழிலாளர்களின் மொத்த எண்ணிக்கை, ஆண்டுவாரியாக."

அந்தக் கடைசித் தேதிக்குக் காரணம் உண்டு. 2025 நவம்பர் 21 அன்று, பழைய தொழிலாளர் சட்டங்களைத் திரட்டி எழுதிய நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. 1979-ஆம் ஆண்டுச் சட்டம் பணிப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. பழைய சட்டம் 5 வெளிமாநிலத் தொழிலாளர் இருந்தாலே பொருந்தியது. புதிய தொகுப்புக்கு 10 பேர் வேண்டும். 2025-க்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை ஒரே வரைபடத்தில் கோடு போட்டு இணைத்தால், ஆள் குறையாமலேயே எண் குறைந்ததாகக் காட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. பழைய சட்டம் ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவரை மட்டுமே கணக்கில் கொண்டது. தன்பாத்–ஆலப்புழா விரைவு வண்டியில் சொந்தமாக டிக்கெட் எடுத்து, ஊர்க்காரர் ஒருவரின் கைபேசி எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு சேலம் ஜங்ஷனில் இறங்குகிற இளைஞர் அந்தச் சட்டத்துக்குள் வரவே இல்லை. மாவட்டத்தில் வேலை செய்கிறவர்களில் பலர் இப்படி வந்தவர்கள். பதிலில் வரும் எண் சிறியதாக இருந்தால் அலுவலகம் மறைக்கிறது என்று அவசரப்பட்டு எழுதாதீர்கள்.

3. தேடும் சொல்லே வலை

தமிழில் "புலம்பெயர்" என்று தேடினால் பாதிக்கு மேல் கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் ஈழத்தமிழர் இலக்கியம் வந்து விழும். "வெளிமாநிலத் தொழிலாளர்", "இடம்பெயர் தொழிலாளர்", "ஒப்பந்தத் தொழிலாளர்" என்று மாற்றுங்கள். செய்தித்தாள்களில் "வடமாநிலத்தவர்" என்றே அதிகம் வரும். நூறாண்டுக்கு முந்தைய வரலாறு தேடுபவர் "கங்காணி" (தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தவர்), "கண்டிச் சீமை" (இலங்கை மலைநாடு), "பினாங்கு" என்று தேட வேண்டும்.

ஆங்கிலத்தில் தேடும்போது இல்லீகல், அன்டாக்குமென்டட், அன்ஆதரைஸ்டு, இர்ரெகுலர் ஆகிய நான்கையும் தனித்தனியாக இடுங்கள். அமெரிக்கப் புள்ளிவிவர நிறுவனங்கள் அன்ஆதரைஸ்டு என்கின்றன, ஐ.நா. அமைப்புகளும் ஐரோப்பாவும் இர்ரெகுலர் என்கின்றன. ஒரு சொல்லோடு நின்றால் ஒரு தரப்பின் அலமாரி மட்டுமே திறக்கும். இந்தியாவுக்குள் நடப்பதற்கு சர்குலர் மைக்ரேஷன், சீசனல் மைக்ரேஷன் என்பவை பயன்படும்.

சேர்வராயன் மலையைப் பற்றி எழுதுபவருக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஏற்காட்டுப் பழங்குடி மக்களின் பெயர் மலையாளி. அந்தப் பெயரோடு மைக்ரேஷன் சேர்த்துத் தேடினால் கேரளத்திலிருந்து வளைகுடா போனவர்களைப் பற்றிய கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் குவியும். "ஷெவராய்", "ஏற்காடு", "பட்டியல் பழங்குடி" ஆகியவற்றில் ஒன்றைச் சேர்க்காமல் தேடாதீர்கள்.

4. கட்டுரைகளைப் பிடிப்பது

பொருளியலில் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஜெ.இ.எல். என்ற வகைப்பாட்டுக் குறியீடு உண்டு. சொல்லைவிட இது நம்பகமானது. ஜே61 என்பது தொழிலாளர் இடப்பெயர்வும் குடிபெயர் தொழிலாளரும், எஃப்22 பன்னாட்டுக் குடிபெயர்வு, ஜே46 முறைசாராத் தொழிற்சந்தை, ஜே43 வேளாண் தொழிற்சந்தை, ஜே31 கூலி, ஓ15 வளர்ச்சியும் குடிபெயர்வும், கே37 குடியேற்றச் சட்டம். பொருளியல் கட்டுரைகளைத் திரட்டும் ரெபெக் திட்டத்தின் ஐடியாஸ் தளத்தில் குறியீட்டைச் சொடுக்கினால் பட்டியல் முழுதும் வரும். பெரும்பாலான கட்டுரைகளுக்குக் காசில்லாத முன்வரைவும் அங்கேயே இணைந்திருக்கும்.

அரசு உயர்கல்வி நிறுவனத்தில் படிப்பவருக்கு 2025 ஜனவரி 1 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஆய்விதழ்கள் கிடைக்கின்றன. நூலகரிடம் உள்நுழைவு பற்றிக் கேளுங்கள். சுயநிதிக் கல்லூரி மாணவருக்கு இது இல்லை. அவர்களுக்கு ஜேஸ்டோர் தளத்தின் இலவசக் கணக்கு கைகொடுக்கும்; மாதம் 100 கட்டுரை வரை திரையில் படிக்கலாம். இந்திய முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம். அதில் சேலத்து ஜவ்வரிசி ஆலைகள், வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள், விசைத்தறிகள் என்று தொழில் பெயரால் தேடுங்கள்.

எதை முதலில் படிப்பது? மரியெல் விவாதத்தை முழுவதும் படியுங்கள். இந்தத் துறையின் சண்டை முழுவதும் அதற்குள் இருக்கிறது. 1980-இல் கியூபாவின் மரியெல் துறைமுகத்திலிருந்து சுமார் 1,25,000 பேர் சில மாதங்களில் அமெரிக்காவுக்கு வந்தார்கள். மயாமி நகரின் உழைப்பாளர் தொகை 7 சதவீதம் கூடியது. பொருளியலாளர் டேவிட் கார்டு 1990-இல், உள்ளூர்க் கூலியில் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை என்றார். ஜார்ஜ் போர்ஹாஸ் 2017-இல் அதே நிகழ்வைத் திரும்ப எடுத்து, பள்ளிப்படிப்பை முடிக்காத ஆண்களின் கூலி 10 முதல் 30 சதவீதம் விழுந்தது என்றார். மைக்கேல் கிளெமன்ஸும் ஜெனிஃபர் ஹன்ட்டும், அந்தச் சிறு மாதிரிக்குள் கறுப்பினத்தவரின் விகிதம் அதே ஆண்டில் கூடிவிட்டதைக் காட்டினார்கள். கூலி விழுந்ததாகத் தெரிந்ததில் பெரும்பகுதி, கணக்கெடுக்கப்பட்ட ஆட்கள் மாறியதால் வந்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம். ஒரே நகரம், ஒரே ஆண்டு, மூன்று முடிவு. மாதிரியில் எத்தனை பேர், யார் யார் என்று பார்க்கும் பழக்கம் இதைப் படித்தால் தானாக வரும்.

அடுத்து, இடஒப்பீட்டில் உள்ள பொறி. சேலத்தில் வெளிமாநிலத்தவர் அதிகம், தர்மபுரியில் குறைவு என்று எடுத்துக்கொண்டு இரண்டிடத்துக் கூலியையும் ஒப்பிட்டால், அவர்கள் வந்ததால் கூலி ஏறியது போலக் காட்டும். கூலி அதிகமுள்ள இடத்தைத் தேடித்தான் ஆட்கள் வருகிறார்கள் என்பதால் காரணமும் விளைவும் இடம் மாறிவிடுகின்றன. ஓர் ஊர்க்காரர்கள் முன்பே எங்கே குடியேறியிருந்தார்களோ அந்தப் பழைய பங்கைக் கருவி மாறியாக, அதாவது இன்றைய கூலியால் தூண்டப்படாத வருகையை மட்டும் பிரித்தெடுக்க, பயன்படுத்துவது இதற்கான வழக்கமான தீர்வு. அதிலும் குறை உண்டு: பத்தாண்டுக்கு முன் அவர்களை இழுத்த அதே காரணம் இன்றும் கூலியை ஏற்றிக்கொண்டிருக்கலாம்.

5. எண்கள்: எங்கே கிடைக்கும், எங்கே ஏமாற்றும்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் குடிபெயர்வு பற்றிய டி வரிசை அட்டவணைகளில் தொடங்குங்கள். கடைசியாகக் கிடைப்பது 2011-க்கு உரியது. அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. டி-3 அட்டவணை, முன்பு வசித்த இடம், வந்து எத்தனை ஆண்டு, வந்த காரணம் மூன்றையும் தரும். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. ஆத்தூரில் பிறந்த பெண் ஓமலூரில் வாழ்க்கைப்பட்டால் அவரும் குடிபெயர்ந்தவர்தான். மொத்த எண்ணில் பெரும்பங்கு இப்படித் திருமணத்தால் வந்த பெண்கள். எனவே மொத்தத்தை எடுக்காமல், முன்பு வசித்த இடம் "பிற மாநிலம்", காரணம் "வேலை", காலம் "0–9 ஆண்டு" என்று மூன்று வடிகட்டியும் போட்டு எடுங்கள். ஆண், பெண் எண்ணைத் தனியே எழுதுங்கள். கணவரோடு வந்து வேலை செய்யும் பெண்கள் "குடும்பத்தோடு வந்தவர்" என்ற கட்டத்துக்குள் மறைந்துவிடுகிறார்கள்.

பழைய கணக்கெடுப்போடு ஒப்பிடுபவர் மாவட்ட எல்லையைக் கவனிக்க வேண்டும். 1965-இல் தர்மபுரியும் 1997-இல் நாமக்கல்லும் பிரிந்தன. 1991-இன் சேலத்தையும் 2001-இன் சேலத்தையும் நேராக ஒப்பிட்டால் மக்கள் ஓடிப்போனது போலத் தெரியும். வட்ட அளவில் கூட்டிச் சரி செய்யுங்கள்.

அடுத்தது மாதிரி ஆய்வுகள். தேசிய மாதிரி ஆய்வின் (என்எஸ்எஸ்) 64-ஆவது சுற்று (2007–08), காலமுறைத் தொழிலாளர் ஆய்வின் 2020–21 சுற்று இரண்டிலும் குடிபெயர்வுக் கேள்விகள் உண்டு. மூலத்தரவு புள்ளியியல் அமைச்சகத்தின் மைக்ரோடேட்டா தளத்தில் பதிவு செய்தால் காசில்லாமல் கிடைக்கும். 2020–21 கோப்பைத் திறப்பவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் மூன்று.

முதலாவது, கோப்புத் தேர்வு. நகர்ப்புறக் குடும்பங்களை நான்கு முறை சென்று பார்த்திருப்பார்கள், கிராமப்புறத்தை ஒருமுறை. முதல் வருகைக் கோப்பை மட்டும் எடுங்கள். மறுவருகைக் கோப்பையும் சேர்த்தால் நகரத்து ஆள் பலமுறை எண்ணப்படுவார். இரண்டாவது, எடை. மாதிரியில் உள்ள ஒருவர் எத்தனை பேருக்குச் சமம் என்று சொல்லும் மல்டிப்ளையர் கோப்பில் இருக்கும்; அதை அப்படியே பெருக்கக் கூடாது. என்எஸ்எஸ், என்எஸ்சி என்ற இரு நிரல்களும் சமமாக இருந்தால் 100-ஆலும், இல்லாவிட்டால் 200-ஆலும் வகுத்து, ஆண்டு மதிப்பீட்டுக்குக் காலாண்டுகளின் எண்ணிக்கையாலும் வகுக்க வேண்டும். சரியாகச் செய்தீர்களா என்று பார்க்க, நாட்டின் மொத்தக் குடிபெயர்வு விகிதத்தைக் கணக்கிடுங்கள்: வெளியிடப்பட்ட அறிக்கையில் அது 28.9 சதவீதம். உங்கள் விடை அதோடு பொருந்தும் வரை அடுத்த அட்டவணைக்குப் போகாதீர்கள். மூன்றாவது, மாவட்டம். அந்தச் சுற்றின் மாதிரி மாவட்ட மதிப்பீட்டுக்காக வடிவமைக்கப்பட்டதல்ல. சேலத்தில் வெளிமாநிலத்தவர் என்று வடிகட்டினால் ஒரு கைப்பிடி ஆட்கள்தான் மிஞ்சுவார்கள். தமிழ்நாட்டின் நான்கு என்எஸ்எஸ் வட்டாரங்களில் சேலம் உள்நாட்டு வட்டாரத்தில் வருகிறது; அந்த அளவிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். 2025 ஜனவரியில் ஆய்வின் வடிவம் மாறி மாவட்டமே அடிப்படைப் பிரிவானது. அதனால் முன்பின் ஒப்பீட்டில் கவனம் தேவை.

இந்த ஆய்வுகள் வீட்டை எண்ணுகின்றன. பட்டறையிலேயே படுத்துக்கொள்பவர், கட்டடத் தகரக் கொட்டகையில் தங்குபவர் நழுவிப்போக வாய்ப்பு அதிகம். ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு, கார்த்திகையிலிருந்து மாசி வரை, வந்து போகிறவர் ஆறு மாதம் தங்குவதில்லை. குடும்ப உறுப்பினராகக் கணக்கில் வரவே மாட்டார். இந்த இரண்டில் 64-ஆவது சுற்றில் மட்டும், ஊரைவிட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆறு மாதத்துக்குள் வேலைக்குப் போனவரைப் பற்றித் தனிக் கேள்வி இருந்தது. அது புறப்பட்ட ஊரில் கேட்கப்பட்டது, வந்த ஊரில் அல்ல. அதனால் பருவத் தொழிலாளரை ஏற்காட்டுப் பக்கம் தேடாமல் அவர்கள் கிளம்பிய மாநிலத்தின் தரவில் தேடுங்கள்.

மலையில் எஸ்டேட்டின் செக்ரோல் என்ற கூலிப் பதிவேடுதான் உண்மையான தடயம். நாள்வாரியாகப் பேர், எடுத்த கிலோ, கொடுத்த கூலி என்று அதில் இருக்கும். ஆனால் மேஸ்திரி பெயரில் மொத்தமாக ஒரே வரியாக எழுதும் வழக்கமும் உண்டு. அந்த ஒரு வரிக்குப் பின்னால் 15 பேர் இருக்கலாம். எழுதுபவரிடம் பணிவாகக் கேட்டால் சொல்வார்.

தொழிற்சாலைகளுக்கு ஆண்டுத் தொழிலக ஆய்வு. நேரடியாக எத்தனை பேர், ஒப்பந்தக்காரர் மூலம் எத்தனை பேர் என்று பிரித்துத் தரும். எந்த மாநிலத்தவர் என்று சொல்லாது. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் கொலுசுப் பட்டறை போன்றவை அதில் வராது. அவற்றுக்கு அமைப்புசாரா நிறுவனங்களின் ஆண்டு ஆய்வு. அமைப்புசாராத் தொழிலாளர் பதிவுக்கான ஒன்றிய அரசின் இ-ஷ்ரம் தளம் (தொடங்கியது 2021 ஆகஸ்ட் 26) பதிவு செய்தவரை மட்டும் காட்டும். பதிவு ஊரில் நடந்திருந்தால் அவர் சேலத்தில் இருப்பது தெரியாது.

கூலியைக் காலத்தோடு ஒப்பிட விலைவாசியைக் கழிக்க வேண்டும். தொழிலாளர் பணியகத்தின் தொழில்துறைத் தொழிலாளர் விலைக் குறியீட்டில் சேலம் ஒரு மையம் என்பது நமக்குக் கிடைத்த வசதி. 2001 அடிப்படையிலிருந்து 2016 அடிப்படைக்கு மாறியபோது அகில இந்திய இணைப்புக் காரணி 2.88. சேலம் மையத்துக்குரிய காரணியைத் தேடி எடுத்துப் பெருக்காமல் இரண்டு வரிசையையும் ஒட்டினால் உண்மைக் கூலி ஒரே மாதத்தில் மும்மடங்கானதாக வரும்.

கடல் கடந்தவர்களைப் பற்றி ஆய்வு செய்பவர் ஒரே ஒரு பயிற்சியைச் செய்து பாருங்கள். 2022-இல் அமெரிக்காவில் ஆவணமின்றி இருந்த இந்தியர்கள் ப்யூ ஆய்வு மையத்தின்படி சுமார் 7 லட்சம், அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின்படி சுமார் 2 லட்சத்து 20 ஆயிரம். இரு தரப்பும் எச்ச முறையைத்தான் கையாள்கின்றன. அதாவது கணக்கெடுப்பில் வந்த வெளிநாட்டில் பிறந்தோர் தொகையிலிருந்து சட்டப்படி இருப்போரைக் கழிக்கிறார்கள். மாணவர் விசா, எச்1பி, பச்சை அட்டைக்காகக் காத்திருப்போர் என்று சட்டப்படி இருக்கும் இந்தியர்கள் ஏராளம். கழிக்கிற அந்தத் தொகையில் சிறு பிழை வந்தாலும் மிச்சம் பன்மடங்கு மாறும். இரு அறிக்கைகளின் முறையியல் பகுதியையும் அருகருகே வைத்து, எந்தப் படியில் பிரிகிறார்கள் என்று ஒரு பக்கம் எழுதுங்கள்.

6. பழைய பதிவுகள்

சேலத்துக்கு ஆட்கள் வருவதற்கு முன், சேலத்திலிருந்து ஆட்கள் போனார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயாவுக்கும் ஆள் அனுப்பிய மாவட்டங்களில் இதுவும் ஒன்று. எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அரசாணைகளும், 1922 குடிபெயர்வுச் சட்டத்துக்குப் பிந்தைய அறிக்கைகளும் உள்ளன. போவதற்கு முன் துறைத் தலைவரிடம் அறிமுகக் கடிதம் வாங்குங்கள். 1883-இல் லெ ஃபானு தொகுத்த மாவட்டக் கையேடும் 1918-இல் ரிச்சர்ட்ஸ் எழுதிய கெசட்டியரும் இணையத்திலேயே கிடைக்கும். அவற்றில் சேலம் என்பது இன்றைய சேலம் அல்ல என்பதை மறக்காதீர்கள்.

7. ஆட்களிடம் பேசும்போது

முதலாளியோ மேஸ்திரியோ அருகில் இருக்கும்போது கூலியைக் கேட்காதீர்கள். கிடைக்கும் பதில் அவர்களுடையதாகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சந்தை, செல்போன் ரீசார்ஜ் கடை, ஊருக்குப் பணம் அனுப்பும் கடை நல்ல இடங்கள். மொழிபெயர்ப்பாளராக மேஸ்திரியை வைத்துக்கொள்ளாமல், ஒடியாவோ இந்தியோ தெரிந்த மாணவரை அழைத்துப் போங்கள். தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாக 2023 மார்ச்சில் பரவிய பொய்யான வீடியோக்களால் எத்தனை பேர் பயந்து ஊருக்கு ரயிலேறினார்கள் என்பதை நினைவில் வையுங்கள். படம் எடுக்காதீர்கள்.

"மாதம் எவ்வளவு?" என்று கேட்டால் வட்டமான ஒரு தொகை வரும். நாள் கூலி, போன வாரம் எத்தனை நாள் வேலை, சாப்பாட்டுக்குப் பிடித்தது, அறை வாடகைக்குப் பிடித்தது, முன்பணத்தில் கழித்தது, ஊருக்கு அனுப்பியது என்று ஆறாகப் பிரித்துக் கேளுங்கள். கூட்டிக் கழித்தால் வட்டத் தொகைக்கும் கைக்கு வந்ததற்கும் உள்ள இடைவெளி தெரியும். உங்கள் ஆய்வின் உயிரே அந்த இடைவெளியில் இருக்கலாம்.

நோட்டில் பெயர் எழுத வேண்டாம். எஸ்-01, எஸ்-02 என்று குறியீடு கொடுங்கள். எந்தக் குறியீடு யார் என்ற தாளைத் தனியாக, வீட்டில் பூட்டி வையுங்கள். கைபேசியிலும் மின்னஞ்சலிலும் அதன் பிரதி இருக்கக் கூடாது. பட்டறையின் தெருப்பெயர், ஆட்களின் சொந்த ஒன்றியம், வயது மூன்றையும் ஒரே அட்டவணையில் அச்சிட்டால் பெயர் இல்லாமலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதில் ஒன்றையாவது எடுத்துவிடுங்கள். ஆய்வேடு ஏற்கப்பட்டு வாய்மொழித் தேர்வு முடிந்த அன்று அந்தத் தாளைக் கிழித்து எரித்துவிடுங்கள்.